ரத்தப் புற்றுநோய் மாத்திரை, உடம்பெல்லாம் தடிப்பு: எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது?

கேள்வி: எனக்கு வயது 46. சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, தினமும் இமாட்டினிப் 400 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். கூடவே அலோபியூரினால் 300 மி.கி. இரண்டும் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. நான்காவது வாரத்தில் முன்கைகளில் சிவப்பாகத் தடிப்பு கிளம்பி, மார்பு, முதுகு என்று பரவிவிட்டது. ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை. காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கிறது. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இது அலர்ஜி' என்று வீட்டில் சொன்னதால் மூன்று நாளாக இமாட்டினிப் போடவில்லை. தடிப்பு அப்படியேதான் இருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமை ஒரு வாரமாகத் தடவுகிறேன். தடவினால் அடங்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? முகம் முன்பைவிட வெளுத்திருக்கிறது என்கிறார்கள், வெண்புள்ளி வந்துவிடுமா? தலைக்கு டை அடிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். இன்றே உங்களுக்குச் சிகிச்சை தரும் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். தடிப்பு வந்திருக்கிறது, மூன்று நாளாக இமாட்டினிப் போடவில்லை, அலோபியூரினாலை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டதைச் சொன்னால் கோபிப்பார்களோ என்று பலர் அதை மறைத்துவிடுகிறார்கள். மறைத்தால் அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும். நன்றாக வேலை செய்யும் மருந்தையே 'வேலை செய்யவில்லை' என்று மாற்றிவிடவும் கூடும். விட்டுப்போன மூன்று மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டவும் கூடாது. மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

போனை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில் உடம்பு முழுவதையும் பாருங்கள். முதுகை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்குள் புண், உதடு வெடித்து ரத்தம், கண் எரிச்சல் அல்லது கண் சிவப்பு, பிறப்புறுப்பில் புண் இருக்கிறதா? தடிப்பு அரிப்பதைவிட வலிக்கிறதா, தொட்டால் எரிகிறதா? எங்காவது கொப்புளம் கட்டியிருக்கிறதா, தோல் உரிகிறதா? நடுவில் கருத்து, சுற்றிலும் வெளிறி, வெளியே சிவந்து, வளையம் வளையமாகத் தெரியும் புள்ளிகள் உண்டா? காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறதா? கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கிறதா? முகம் முழுக்க உப்பியிருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போன் போதாது. மாத்திரைப் பெட்டிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டாக்டர் பார்க்கும்வரை எந்தப் புது மாத்திரையும் வேண்டாம். உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அப்படி எதுவும் இல்லை, தடிப்பும் அரிப்பும் மட்டும்தான் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அது எப்படிப்பட்ட சிவப்பு என்பது. ஒரு தெளிவான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைச் சிவந்த இடத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் அது அழற்சி. மருந்துத் தடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அழுத்தியும் மறையாமல் குண்டூசி முனை அளவில் சிவப்போ ஊதாவோ புள்ளிகளாக நின்றால், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். பிளேட்லெட் குறையும்போது இது வரும், பெரும்பாலும் கால்களில்தான் முதலில் தெரியும். இமாட்டினிப்பே ஆரம்ப மாதங்களில் பிளேட்லெட்டையும் வெள்ளணுவையும் குறைக்கக்கூடியது. அதனால் மறையாத புள்ளிகளைக் கண்டால் அன்றே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். க்ரீம் தடவிச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோதான் தெரியும். அப்போது கண்ணை நம்பாமல் விரலால் தடவி, மேடாக, சொரசொரப்பாக இருக்கும் இடங்களைக் கணக்கில் எடுங்கள்.

கடைசியாக, தடிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். விரல்களையும் சேர்த்து உங்கள் உள்ளங்கை உடம்பின் மொத்தத் தோலில் சுமார் 1 சதவீதம். தடிப்பு எத்தனை உள்ளங்கை இருக்கும் என்று எண்ணுங்கள். பத்துக்குள் என்றால் லேசானது, பத்திலிருந்து முப்பதுவரை நடுத்தரம், முப்பதைத் தாண்டினால் கடுமை. டாக்டர்கள் மருந்தின் அளவை முடிவு செய்யும்போது இந்தப் பரப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 'ரொம்ப இருக்கு டாக்டர்' என்பதைவிட 'பன்னிரண்டு உள்ளங்கை இருக்கும், வாயில் புண் இல்லை, காய்ச்சல் இல்லை, அழுத்தினால் மறைகிறது' என்று போனில் சொன்னால், அங்கே இருப்பவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க முடியும்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் நிறுத்தியது இமாட்டினிப்பை, விடாமல் போட்டுக்கொண்டிருப்பது அலோபியூரினாலை. தடிப்பைப் பொறுத்தவரை, முதலில் சந்தேகப்பட வேண்டிய மருந்து அலோபியூரினால்தான்.

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும்போது ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் அழியும். அவை உடையும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகத்தை அடைக்காமல் இருக்க அலோபியூரினால் தருகிறார்கள். அது தேவையான மருந்துதான். ஆனால் உலகெங்கும் கடுமையான தோல் எதிர்வினைகளை உண்டாக்கும் மருந்துகளில் முன்வரிசையில் இருப்பதும் அதுவே. அந்த ஆபத்து அதிகமாக இருப்பது ஆரம்பித்த முதல் எட்டு வாரங்களில், நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். எச்.எல்.ஏ-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். தடிப்பு தலைகாட்டியதுமே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அந்த மருந்துக்கான எச்சரிக்கை. எனவே அடுத்த வேளை அலோபியூரினால் போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் அந்த வேளையைப் போடாமல் காத்திருங்கள். ரத்த எண்ணிக்கை இறங்கிய பிறகு பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. முதல் நாள் எழுதிய சீட்டிலேயே நின்றுபோய், யாரும் நிறுத்தச் சொல்லாததால் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 'இது இன்னும் எனக்குத் தேவையா?' என்று நேரடியாகவே கேளுங்கள்.

இதே சந்தேகப் பட்டியலில் வேறு மருந்துகளும் உண்டு. தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் கோ-டிரைமாக்ஸசோல் போன்ற சல்ஃபா மாத்திரைகள், ஆன்டிபயாட்டிக்குகள், வலிப்பு மருந்துகள், வலி மாத்திரைகள். கடந்த இரண்டு மாதத்தில் வாய் வழியாக உள்ளே போன எல்லாவற்றையும், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கஷாயம் உட்பட, ஆரம்பித்த தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். எந்த மருந்தால் வந்தது என்று தடிப்பின் தோற்றம் சொல்லாது, பெரும்பாலும் தேதிதான் சொல்லும்.

'இமாட்டினிப்பை நிறுத்தியும் தடிப்பு போகவில்லையே, அப்படியானால் அது காரணம் இல்லைதானே?' என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று நாளை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் இமாட்டினிப்பின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 18 மணி நேரம் ஆகும். மருந்து முழுதாக வெளியேறிய பிறகும் தோலில் மூண்ட அழற்சி அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதாவது, தானாக நிறுத்திப் பார்ப்பது சோதனையாகக்கூடப் பயன்படவில்லை. நஷ்டம் மட்டும்தான் மிச்சம்.

இமாட்டினிப்பாலும் தடிப்பு வரும், அதை மறுக்கவில்லை. சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள். முன்கை, மார்பு, முதுகு என்று நீங்கள் சொல்லும் இடங்களும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அதில் பெரும்பகுதி அலர்ஜி இல்லை. புற்றுநோய்ச் செல்லில் இருக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புரதத்தை அடைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அதே அமைப்பை ஒத்த 'கிட்', 'பி.டி.ஜி.எஃப்.ஆர்.' என்ற இரண்டு புரதங்களையும் அது சேர்த்து அடைக்கிறது. அவை தோலிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருப்பதால் தோல் பாதிக்கப்படுகிறது. அளவு கூடினால் தடிப்பு கூடும், குறைத்தால் குறையும். உண்மையான அலர்ஜி என்றால் ஒரு துளிகூட மறுபடி தொட முடியாது. இதில் அப்படி இல்லை. மருந்தைத் தொடர்ந்தபடியே பலருக்கு வாரங்களில் அடங்கிவிடுகிறது. இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் மருத்துவக் குறிப்பில் 'இமாட்டினிப் அலர்ஜி' என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், நல்லதொரு மருந்து உங்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டுவிடலாம்.

மாத்திரையை விடுவது ஏன் பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.எம்.எல். நோயில் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று, நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என அளக்கும் பி.சி.ஆர். (PCR) என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறில் 1 சதவீதத்துக்குள், பன்னிரண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. பல ஆண்டுகளாக இமாட்டினிப் போட்டு வந்தவர்களின் மருந்துப் புட்டி மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த 0.1 சதவீத இலக்கை எட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே போட்டவர்களில் எட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முப்பது நாளில் மூன்று நாள் விட்டாலே 90 சதவீதத்துக்கு வந்துவிடுவோம். மூன்று நாள் விட்டதால் எல்லாம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டாக்டரே பல நேரம் சில நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் அது ரத்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கும் தேதியையும் குறித்துக்கொண்டு நிறுத்துவது.

டாக்டர் என்ன செய்வார்? லேசான தடிப்பு என்றால் மாத்திரையை முழு அளவில் தொடர்ந்தபடி க்ரீமும் அரிப்பு மாத்திரையும் தருவார். நடுத்தரமானது என்றால் க்ரீமின் வீரியம் கூடும், சில நேரம் கொஞ்ச நாள் இடைவெளி விடுவார். கடுமையானது என்றால் இமாட்டினிப்பை நிறுத்தி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத் தோலை அடக்கி, பிறகு 100 மி.கி.யில் ஆரம்பித்து வாரத்துக்கு 100 மி.கி. வீதம் ஏற்றுவது நன்கு தெரிந்த ஒரு முறை. இப்படி ஏற்றும்போது பலருக்குத் தோல் பழகிக்கொள்கிறது. நீண்ட காலத்துக்கு 300 மி.கி.க்குக் கீழே வைத்திருக்க மாட்டார்கள், நோய் கைமீறும். அப்படியும் முடியாவிட்டால் நிலோட்டினிப், டசாட்டினிப், போசுட்டினிப் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தடிப்பு வந்தவருக்கு இன்னொன்றுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலையும் தொற்றையும் மூடி மறைத்துவிடும்.

போனிலேயே ரத்தப் பரிசோதனை எப்போது செய்யலாம் என்றும் கேட்டுவிடுங்கள். மொத்த அணுக்களின் எண்ணிக்கை, அதில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை எவ்வளவு, கல்லீரல் செயல்பாடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கும் வேண்டும். தடிப்போடு இயோசினோஃபில் ஏறி, கல்லீரல் என்சைமும் ஏறியிருந்தால், தோலோடு நிற்காத மருந்து எதிர்வினை என்று சந்தேகிக்க வேண்டும். அலோபியூரினால் உண்டாக்கும் ஆபத்தான வடிவங்களில் அதுவும் ஒன்று, மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும்.

இனி நீங்கள் தடவும் க்ரீம். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதோடு மைக்கோனசோல் போன்ற பூஞ்சை மருந்து, கூடவே நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் என்று மூன்று கலந்ததாக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். நியோமைசினே தனியாகத் தோல் அலர்ஜி உண்டாக்கக்கூடியது. அப்புறம் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. படர்தாமரை ஏதாவது இருந்தால், இந்தக் கலவை மேலுக்கு அதை அமுக்கி உள்ளுக்குள் பரவவிடும். ஓரம் மட்டும் மேடாகி நடுவில் தெளிந்த வட்டங்கள் இருந்தால் அது பூஞ்சைதான் என்று சந்தேகப்படுங்கள். விரல் இடுக்கில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் ராத்திரி அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம், மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை போல, வலியோடு கொப்புளம் என்றால் அக்கி. அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

டாக்டர் ஸ்டீராய்டு க்ரீம் எழுதிக் கொடுத்தால் அளவு தெரிந்து தடவுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். பயந்துகொண்டு கடுகளவு தடவிவிட்டு 'கேட்கவில்லை' என்பார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். பன்னிரண்டு உள்ளங்கை தடிப்பு என்றால் ஆறு கோடு, அதாவது ஒரு வேளைக்கு 3 கிராம். தினம் ஒரு வேளை பத்து நாள் தடவ 30 கிராம் வேண்டும். பத்து கிராம் ட்யூப் ஒன்று வாங்கினால் நான்காம் நாளே தீர்ந்துவிடும், தடிப்பு பாதியில் நிற்கும், விட்டதும் திரும்பி வரும். முகம், அக்குள், தொடை இடுக்குக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற லேசானது, கைகால் உடம்புக்கு 0.1 சதவீத மொமெட்டசோன் போன்ற நடுத்தர வீரியமுள்ளது என்று இரண்டு ட்யூபாகக் கேட்டு வாங்குங்கள். ட்யூபின் மேல் 'முகம்', 'உடம்பு' என்று பேனாவால் எழுதிவிட்டால் அவசரத்தில் மாறாது. ஏழு முதல் பதினான்கு நாள்தான் கணக்கு. அதற்குள் அடங்காவிட்டால் க்ரீமை நீட்டிக்காமல் மறுபடி காட்டுங்கள்.

ஸ்டீராய்டைவிட முக்கியமானது, யாரும் போதுமான அளவு தடவாதது, ஈரப்பதம் காக்கும் மாய்ஸ்சரைசர். இமாட்டினிப் போன்ற மருந்துகள் தோலை வறட்டிவிடும். வறண்ட தோல் தானாகவே அரிக்கும், சொறிந்தால் கீறல் விழும், வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் அந்தக் கீறல் வழியே கிருமி நுழையும். வாசனையும் நிறமும் சேர்க்காத, கெட்டியான க்ரீம் அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி வாங்குங்கள். தண்ணீராக ஓடும் லோஷன் போதாது. உடம்பு முழுக்கத் தடவும் ஒரு பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம்வரை தேவைப்படும். சின்ன டப்பா மாதக்கணக்கில் வருகிறது என்றால் நீங்கள் தடவுவது போதவில்லை என்று அர்த்தம். யூரியா கலந்த க்ரீம் வறட்சிக்கு நல்லது, ஆனால் கீறல் உள்ள தோலில் எரியும்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். சூடான தண்ணீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அரை மணியில் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். நுரை வரும் சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும் போதும். நார், பிரஷ் கொண்டு தேய்க்கக் கூடாது. துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள். மேலிருந்து கீழாக, முடி வளரும் திசையில் இழுத்துத் தடவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துப் புதிதாகப் பருக்கள் கிளம்பும், அதைத் தடிப்பு கூடிவிட்டது என்று நினைத்துப் பயப்படுவீர்கள். ஸ்டீராய்டு க்ரீமுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவே இருபது முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள், ஒன்று மற்றதைக் கரைத்துவிடக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே போகும்போது கவனம்.

ராத்திரி அரிப்புக்கு: படுக்கும்போது உடம்பு சூடாவதும், கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லாததும்தான் அது அதிகமாவதற்குக் காரணம். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள், தளர்வான பருத்தி உடை போடுங்கள், படுக்கும் முன் ஈரத் துணியைப் பிழிந்து அரிக்கும் இடத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அதன் ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் தடவியதும் அரிப்பு தணியும். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். துணி துவைக்கும்போது சோப்புத்தூள் எஞ்சாமல் இன்னொரு முறை அலசுங்கள். செட்டிரிசின் 10 மி.கி. இரவில் ஒன்று பொதுவாகக் கொடுப்பது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாதி அளவு. இந்த அரிப்பு முழுவதும், அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால் வருவதல்ல, எனவே மாத்திரை பாதிதான் உதவும். கேட்கவில்லை என்று இரண்டு மூன்றாகக் கூட்டாதீர்கள். பிற்காலத்தில் உங்கள் மருந்து மாறினால் அரிப்பு மாத்திரையையும் மறுபடி கேட்டு உறுதிசெய்யுங்கள். நிலோட்டினிப் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியது, ஹைட்ராக்சிசின் என்ற அரிப்பு மாத்திரையும் அப்படியே, இரண்டும் சேரக் கூடாது.

மூலிகைச் சாறு, பற்று எதுவும் இப்போது தோலில் வேண்டாம். உள்ளுக்கும் வேண்டாம். குறிப்பாக, மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு அதைக் கூட்டிவிடும்.

கண் இமை வீக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, ஒரு நிபந்தனையோடு. இமாட்டினிப் போடுபவர்களுக்கு இரண்டு இமையும் காலையில் உப்பி, பகலில் வடிவது மிகச் சாதாரணம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது. வலி இருக்காது, சிவப்பு இருக்காது. தலையணையை உயர்த்திப் படுங்கள், உப்பைக் குறையுங்கள், குளிர்ந்த ஈரத் துணி வையுங்கள். நிபந்தனை இது: தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். வீக்கம் இமையோடு நிற்காமல் முகம் முழுக்கப் பரவினால், முன்பே சொன்னேன், அது அவசரம்.

முகம் வெளுப்பது வெண்புள்ளி நோய் இல்லை. நிறமிச் செல்கள் உயிரோடிருக்கவும் நிறமி உண்டாக்கவும் அதே 'கிட்' புரதம் வேண்டும், மருந்து அதை அடைக்கிறது. கருத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே. அளவு குறைந்தாலோ மருந்து நின்றாலோ பெரும்பாலும் நிறம் திரும்பிவிடுகிறது. சிலருக்கு நேர்மாறாகச் சில இடங்கள் கருப்பதும் உண்டு. நிறமி குறைந்த தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. தடிப்பு உள்ளபோது துத்தநாக ஆக்சைடு உள்ளது எரிச்சல் தராது. நிறம் மாறியது மனசைப் பாதித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது அற்ப விஷயம் இல்லை.

தடிப்பைத் தினமும் ஒரே நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் தடிப்பு மங்கியிருந்தாலும் படம் பேசும்.

வேறு வகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்தபடி இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மருந்துகள் வேறு, தோல் சொல்லும் செய்தியும் வேறு. சைட்டராபின் உள்ளங்கை உள்ளங்காலைச் சிவக்க வைத்து எரிய வைக்கும். மெத்தோட்ரெக்சேட் வெயிலில் பட்ட இடத்தை மோசமாக்கும். ஹைட்ராக்சியூரியா நகத்தைக் கருக்கும், நாள்பட்டால் கணுக்காலருகே ஆறாத புண் உண்டாக்கும். இப்ருட்டினிப் போடுபவருக்கு எளிதில் ரத்தம் கன்றும். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும்போது தடிப்போடு 38 டிகிரி காய்ச்சல் வந்தால், காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

டை இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. அதில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனமே தலையிலும் முகத்திலும் தடிப்பும் இமை வீக்கமும் உண்டாக்கக்கூடியது, உங்களுக்கு இருக்கும் அறிகுறிகளோடு குழம்பிவிடும். தோல் முழுதாக அடங்கி, மாத்திரை பழைய அளவுக்கு வந்த பிறகு, காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாவிட்டால் அடித்துக்கொள்ளுங்கள்.